டைம் கீப்பருக்குக் கிடைத்த கம்ப்யூட்டர்

"என் சம்சாரம் பேச மாட்டேங்கறாளுங்க சாமி. எப்படியாச்சும் அவளைப் பேச வையுங்க," என்றார் சென்னியப்பன்.

மடத்தை நடத்தும் சாமியம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியுங்களா?" என்று கேட்டார்.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு பஸ் மாறி, வெயிலில் ஆற்றோரமாக நடந்து வந்தவர் அவர். வந்த காரியம் என்ன, இந்த அம்மா கேட்கிற கேள்வி என்ன?

"ஏதோ கொஞ்சம் தெரியுமுங்க," என்றார்.

"நல்லதாப் போச்சு."

சென்னியப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பவானி பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த பஸ் எப்போது நுழைய வேண்டும், எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்ப்பது அவர் வேலை. வாயில் விசில், கையில் கடிகாரம். டிரைவர் டீயை வாயில் வைத்தால் போதும், "எடு, எடு, எடு!" என்று வந்து நிற்பார். அவருக்குப் பயந்து டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டி எடுத்தவர்கள் உண்டு. கடைசி சில வருடங்கள் நிலையத்தில் கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதையும் விரட்டி விரட்டித்தான் கற்றுக்கொண்டார்.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது விசிலை மட்டும்தான் திருப்பிக் கொடுத்தார்.

அவர் மனைவி பாவாயி. நல்ல வாயாடி என்று பெயர் எடுத்தவள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தோடு விழுந்தாள். வலது கையும் காலும் போய்விட்டன. கால் பாதி திரும்பியது. பேச்சும் வந்தது, ஆனால் மெதுவாக. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு பஸ் வந்து நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடலாம். வரும், விடாமல் பேச வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்தப் பேச்சும் நின்றுபோனது. கொடுமுடியிலிருந்த அவள் அக்கா இறந்த நாளிலிருந்து பாவாயி வாயைத் திறக்கவில்லை. டாக்டர் மறுபடி தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை, துக்கமாக இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்றார். சரியாகவில்லை. வீட்டில் குக்கர் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அதற்குமேல் தாங்க முடியாமல்தான் சென்னியப்பன் இந்த மடத்துக்கு வந்தார்.

இத்தனையையும் அவர் சொன்னார். சாமியம்மா கீரையை உருவி முடித்தார்.

"ஆபீசு ரூமுல ஒரு பழைய கம்ப்யூட்டர் கெடக்குது. நெம்ப மெதுவுன்னு ஆளாளுக்குத் திட்டறாங்க. அதை ஓட வையுங்க."

"சாமி, நான் வந்தது எதுக்குன்னா..."

"அப்புறம் உங்க சம்சாரத்தைப் பத்திப் பேசலாமுங்க."

ஓசியில் ரிப்பேருக்கு ஆள் பிடிக்கிறார் என்று நினைத்தார் சென்னியப்பன். சாமியம்மாவுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. தனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வயதுதான் இருக்கும். கும்பிட்ட கையைக் கீழே இறக்கிக்கொண்டார். ஆனாலும் ஆபீஸ் அறைக்குப் போனார். வீட்டில் இருந்த அமைதி அப்படி.

திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் ஒருவர், தனக்கு வேண்டாமென்று கழித்ததை மடத்துக்குப் புண்ணியமாகக் கொடுத்திருந்தார். வெள்ளையாக இருந்த பெட்டி பழுப்பேறிக் கிடந்தது. சென்னியப்பன் சுவிட்சைப் போட்டார். ஒரு உறுமல் கேட்டது. போய்க் கைகால் கழுவிவிட்டு வந்தார். திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. போய் மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தார். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதைக் கட்டிக்கிட்டு அழுகறதுக்கு, தலையைச் சுத்தி ஆத்துல வீசலாம்," என்றார் யாரிடமோ.

அறையில் யாரும் இல்லை.

*

முதல் நாள் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே தூசி பஞ்சுமெத்தை மாதிரி படிந்திருந்தது. காற்றாடிக்குப் பின்னால் பல்லி முட்டையிட்டுக் குடும்பம் நடத்தியிருந்தது. எல்லாவற்றையும் துடைத்து, ஊதி, மூடினார்.

"சுத்தம் பண்ணிட்டனுங்க சாமி."

"வேகமா ஓடுதுங்களா?"

"உறுமறது நின்னிருச்சு. ஓடலீங்க."

"பௌர்ணமி அன்னதானத்துக்கு ஒரு நோட்டீசு வேணுமுங்க. அதுல அடிச்சுக் குடுங்க."

அடித்தார். பிரிண்ட் கொடுத்தார். வரவில்லை. மறுபடி கொடுத்தார். வரவில்லை. பிரிண்டரின் தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி கொடுத்தார். கடைசியில் பொறுமை கெட்டு, ஒரு அட்டையில் கையால் எழுதிக் கேட்டில் ஒட்டிவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் வேறு நோயைக் கண்டுபிடித்தார்.

"சுவிட்சைப் போட்டதுமே இதுக்குள்ள இருக்கறது எல்லாம் நான் நீன்னு எந்திரிச்சு வந்திருதுங்க சாமி. யாரும் கூப்புடறதில்ல. தானா வந்து எடத்தைப் புடிச்சுக்குது."

"நம்ம மடத்துச் சாப்பாட்டுப் பந்தி மாதிரியா?"

"அதே மாதிரிதானுங்க."

"வேண்டாததை உக்கார வையுங்க."

உட்கார வைத்தார். அதற்கடுத்த நாள், பனியன் கம்பெனிக்காரரின் பழைய கணக்குகள், யார் யாரோ ஏற்றி வைத்த சீட்டு விளையாட்டு, பாதியில் நின்றுபோன படங்கள் எல்லாவற்றையும் அழித்தார். வயிறு காலியான மாதிரி கம்ப்யூட்டர் கொஞ்சம் லேசானது. ஆனாலும் அவருக்குப் போதவில்லை.

"ராம் பத்தலீங்க சாமி. ராம் போட்டாத்தான் ஓடும்."

"போடுங்க. ராமர் வேண்டாம்னு நான் எதுக்குச் சொல்றேன்?"

"இது அந்த ராமர் இல்லீங்க. விரல் நீளத்துக்கு ஒரு தகடு. அதுக்கு நினைவு சாஸ்தி பண்ணிக் குடுக்கும்."

"நினைவு சாஸ்தியானா வேகம் வருமுங்களா?"

"வருமுங்க."

"மனுசனுக்கு அப்படி வர்றதில்லையே," என்றார் சாமியம்மா. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ஈரோட்டில் ஒரு கடையில் தேடிப்பிடித்து ராமை வாங்கி வந்து போட்டார் சென்னியப்பன். வண்டி ஓடத்தான் செய்தது. யார் பார்த்தாலும் இப்போது பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். சென்னியப்பன் சொல்லவில்லை. அவர் ஒன்றை அமுக்குவார். அது திறக்க மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்கும் நேரத்துக்குள் மறுபடி அமுக்குவார். பிறகு திரையின் வெற்றிடத்தில் அமுக்கி, 'ரெஃப்ரெஷ்' கொடுப்பார். ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். அப்படிச் செய்தால் கம்ப்யூட்டருக்குச் சுறுசுறுப்பு வரும் என்று பஸ் நிலையத்தில் யாரோ சொல்லிக் கொடுத்தது. திரை ஒருமுறை கண் சிமிட்டும். அவ்வளவுதான். அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கைக்கு ஒரு வேலை.

"பழசு பழசுதானுங்க," என்றார் கடைசியில். "என்ன பண்ணுனாலும் இது இப்படித்தான். பேசாம இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிருங்க."

சாமியம்மா அவர் முகத்தையே பார்த்தார். 

சென்னியப்பனுக்கு என்னவோ போல இருந்தது. தான் எதைச் சொன்னோம் என்று ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்லியிருந்தார்.

*

அன்று காவிரியில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். படித்துறையில் பாதிப் படி முங்கிவிட்டது.

"ஆத்துல எறங்க வேண்டாம்னு பெருசா ஒரு நோட்டீசு அடிச்சுக் குடுங்கய்யா," என்று வந்து நின்றார் சாமியம்மா.

சென்னியப்பன் அடித்தார். பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டரில் பச்சை விளக்கு ஒருமுறை மின்னி அணைந்தது.

மறுபடி கொடுத்தார்.

"வா, வா, வா," என்றார். மறுபடி கொடுத்தார். ரெஃப்ரெஷ் செய்தார். திரையில் அம்புக்குறி அப்படியே உறைந்து நின்றது. மவுஸை இழுத்து இழுத்து மேசையில் தேய்த்தார். "எந்நேரமும் இதே ரோதனை. கேட்டா ஒரு பதில் வருதுங்களா பாருங்க. கல்லு மாதிரி உக்காந்திருக்குது."

மின்சார வயரைப் பிடுங்கிவிடக் கையை நீட்டினார்.

சாமியம்மா குறுக்கே வந்தார். மவுஸை அவர் கையிலிருந்து எடுத்தார். அதைத் தன் மடியில் வைத்து, மேலே முந்தானையைப் போட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சாமி, தண்ணி ஏறிக்கிட்டிருக்குது."

"படித்துறையில ஆளை நிறுத்தியாச்சு. யாரும் எறங்க மாட்டாங்க. உக்காருங்க."

"இப்ப என்னங்க பண்றது?"

"கேட்டுட்டீங்கல்ல. கையை எடுத்திருங்க."

சென்னியப்பன் கையை எடுத்தார். எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேசைமேல் வைத்தார், விரல் தாளம் போட்டது. மடியில் வைத்தார், அங்கேயும் போட்டது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேல் உட்கார்ந்தார். வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது. வாழ்நாளில் இப்படி ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்த நினைவே அவருக்கு இல்லை. கிளம்ப வேண்டிய பஸ் ஒன்று விசிலுக்காக எங்கோ காத்துக்கொண்டிருப்பது போலவே இருந்தது.

பச்சை விளக்கு மின்னியது.

அணையவில்லை.

பிரிண்டர் ஒருமுறை கனைத்து, ஒரு தாளை மெல்ல உள்ளே இழுத்து, மெல்ல வெளியே தள்ளியது. சென்னியப்பன் பாய்ந்து எடுத்தார்.

'பௌர்ணமி அன்னதானம். அனைவரும் வருக.'

"இதென்ன கூத்து? பௌர்ணமி போயே போச்சுங்களே!"

"போச்சுங்க."

"அதை எதுக்கு இப்பக் குடுக்குது?"

"நீங்க கேட்டதுதானுங்களே."

"அன்னிக்குக் கேட்டனுங்க. இன்னிக்கா கேட்டேன்?"

"அதுக்கு என்ன தெரியும் பாவம்? கேட்டீங்க. எடுத்துக் குடுக்க நேரமாச்சு. இப்பக் குடுக்குது."

இன்னொரு தாள் வந்தது. அதுவும் பௌர்ணமி. அடுத்ததும் பௌர்ணமி. அவர் தலையில் தட்டித் தட்டிக் கேட்டதெல்லாம் ஒன்று விடாமல் வரிசையாக வந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் வெள்ள நோட்டீஸ் வந்தது. அதுவும் எத்தனை தரம் கேட்டாரோ அத்தனை.

"நிக்க மாட்டேங்குதே!" என்றார்.

"எல்லாம் நீங்க கேட்டதுதான்."

"நான் என்னமோ, இது கேக்கவே இல்லைன்னு நெனச்சனுங்க."

"நெனச்சீங்க. அது ஒருக்காக்கூட இல்லைன்னு சொல்லலீங்களே."

சாமியம்மா ஒரு வெள்ள நோட்டீஸை எடுத்து, வெளியே நின்றவரிடம் கொடுத்து அனுப்பினார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்பச் சொல்லுங்க. உங்க சம்சாரத்துகிட்டக் கடைசியா என்ன கேட்டீங்க?"

சென்னியப்பன் யோசித்தார். "தெனமும் எத்தனையோ கேக்கறனுங்க. சாப்பிட்டயா, மாத்திரை போட்டயா, வலிக்குதான்னு..."

"அவங்க கடைசியா வாயைத் திறந்தது எந்தக் கேள்விக்குங்க?"

அவர் கையிலிருந்த தாள்களை ஒன்றாக அடுக்கினார்.

"அவுங்க அக்காளுக்கு முடியலைன்னு போன் வந்துதுங்க. காலையில. கொடுமுடி பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு. நான் பையை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னேன். அவ உள்ள சேர்ல உக்காந்திருந்தா. வர்றயான்னு கேட்டனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"இல்லைன்னாளுங்க."

"இல்லைன்னா சொன்னாங்க?"

"ஆமாங்க. எனக்கே ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. கூடப் பொறந்த அக்கா. சாகக் கெடக்குது. எப்படி இவ இல்லைங்கறான்னு. சரி, உடம்புக்கு முடியலை போலன்னு நெனச்சுக்கிட்டனுங்க."

"முழுசாச் சொன்னாங்களா?"

"எதைங்க?"

"இல்லைங்கறதை."

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடினார்.

"'இ'ன்னு ஆரம்பிச்சாளுங்க," என்றார். "அவளுக்கு ஒவ்வொரு எழுத்தா வரும். 'இ'ன்னா. நான்தான்... இல்லைங்கறயா, சரி விடு, உன்னால ஏற எறங்க முடியாதுன்னு சொல்லிட்டு... பஸ்ஸுக்கு நேரமாயிருச்சுங்க சாமி. அதை உட்டா அடுத்தது..."

பிரிண்டர் நின்றிருந்தது. அவரும் நிறுத்திவிட்டார்.

"அவகிட்ட நான் இப்ப என்னன்னு கேக்கட்டுமுங்க?" என்றார். குரல் அவர் குரல் மாதிரியே இல்லை.

சாமியம்மா மடியிலிருந்த மவுஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"புதுசா ஒண்ணும் கேக்காதீங்க," என்றார். "பழசே இன்னும் வரிசையில நிக்குது."

*

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிரைவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று, இறங்குகிறவர்களோடு பேசி, மெதுவாகத்தான் ஓட்டினார். வேறொரு நாளாக இருந்தால் சென்னியப்பன் எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பார். அன்று அவர் காதில் எதுவும் விழவில்லை.

கொடுமுடியில் அந்த அக்கா கட்டிலில் படுத்திருந்த விதம் கண்ணுக்குள் வந்தது. இவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு இவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாவாயி வரலீங்களா மாப்பிள்ளை?"

"வரலைன்னுட்டாளுங்க," என்று சொன்னார் அவர். முடியவில்லை என்றுகூடச் சொல்லவில்லை. வரலைன்னுட்டா.  அக்கா சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

காரியம் முடிந்து திரும்பி வந்து, பாவாயியிடமும் அதை ஒப்பித்திருந்தார். 'அக்கா உன்னைத்தான் கேட்டுது. நீ வரலைன்னுட்டேன்னு சொன்னேன்.' ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறோம் என்ற பெருமை வேறு. பாவாயி அவரையே பார்த்தாள். வாய் கோணி ஏதோ வரப் பார்த்தது. 'அழுகாத, அழுகாத, உடம்புக்கு ஆகாது,' என்று தண்ணீரை எடுத்து வாயில் வைத்தார்.

அது அழுகையா, பேச்சா? தண்ணீரை வைத்து அமுக்கியவருக்கு எப்படித் தெரியும்?

இப்படி எத்தனை 'இ', எத்தனை 'க', எத்தனை 'வ'. பாதி வார்த்தையில் பிடுங்கி மீதியைத் தானே சொல்லி, சரிதானே என்று தானே கேட்டு, சரி என்று தானே முடித்து. இரண்டு வருடமாக அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பாவாயிக்கும் சேர்த்து.

"பவானி எறங்கு, எறங்கு, எறங்கு!" என்றார் கண்டக்டர்.

சென்னியப்பன் எல்லோரும் இறங்கிய பிறகு இறங்கினார்.

*

பாவாயி சமையலறை வாசலில், முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். இடது கையால் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு காயை முழங்காலில் அமுக்கிப் பிடித்து, கட்டைவிரலால் பிளந்து, கொட்டையை உதிர்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வழக்கமாக அவர் செருப்பைக் கழற்றும்போதே கேள்விகள் உள்ளே போய்விடும். சாப்பிட்டயா, மாத்திரை போட்டயா, கரண்டு இருந்துச்சா, யாராச்சும் வந்தாங்களா. அன்று செருப்பை மட்டும் கழற்றினார். உள்ளே வந்து, அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

ஒன்றும் கேட்கவில்லை.

பாவாயி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்து ஒரு காயை உரித்தாள். மறுபடி பார்த்தாள். இவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

மன்னித்துவிடு என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வந்தது. அதுவும் ஒரு கேள்விதான், அதற்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார். மொச்சை முறத்தில் விழுகிற சத்தம் கேட்டது. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து விளக்கைப் போடலாம். போடவில்லை. அவள் ஒரு பக்கம் உரித்தாள், அவர் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார்.

உரிக்கிற கை நின்றது.

பாவாயியின் உதடு கோணியது. கழுத்து நரம்பு எழும்பியது.

"இ..."

இட்லி, இடுப்பு, இன்னிக்கு, இல்லை. அத்தனையும் சென்னியப்பனின் நாக்கு நுனிக்கு ஓடி வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். வார்த்தையைப் பிடுங்கிக்கொள்வார் என்று காத்திருந்தாள். அவர் பிடுங்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இ...ரு..."

அவர் அசையவில்லை.

"இருங்க," என்றாள் பாவாயி.

மூச்சு வாங்கினாள். அவள் இப்போது அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், திறந்து கிடந்த தெருவாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சீலை... மாத்திட்டு..."

"வர்றனுங்க," என்று முடித்தாள்.